பஞ்சு போக மீதி

திருப்பூரில் தைத்து முடித்துப் பெட்டிக்குள் போகும் சாதாரண அரைக்கை பனியன் ஒன்றின் எடை ஏறக்குறைய 150 கிராம். நூற்பாலையில் கழியும் தூசியையும் குறும்பஞ்சையும், கட்டிங் மேசையில் விழும் துண்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் அதற்கு 200 கிராம் பஞ்சாவது வேண்டும். செடியிலிருந்து பறித்த பருத்தியில் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு. மற்ற இரண்டு பங்கும் விதை. அப்படியானால் அந்த ஒரு பனியனுக்காக எங்கோ ஒரு கரிசல் காட்டில் 600 கிராம் பருத்தி பறித்திருக்கிறார்கள். ஜின்னிங் ஆலையில் அதிலிருந்து 400 கிராம் விதை உதிர்ந்திருக்கிறது.

இந்த அத்தியாயம் அந்த 400 கிராம் விதையைப் பற்றியது. பருத்தி விதையில் ஐந்தில் ஒரு பங்கு புரதம். ஏறக்குறைய அதே அளவு எண்ணெய். ஒரு பனியனுக்குரிய விதையில் மட்டும் 80 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு லிட்டர் பசும்பாலில் இருப்பது சுமார் 32 கிராம். நாம் உடுத்தும் ஒவ்வொரு பனியனுக்குப் பின்னாலும் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஈடான புரதம் விளைந்திருக்கிறது என்பதே இதன் பொருள்.

மாட்டுப் பாலுக்கு மாற்றாக உலகம் இன்று பாதாம், ஓட்ஸ், சோயா, அரிசி என்று பல பயிர்களைத் தேடிப் போகிறது. அட்டைப் பெட்டிகளில் அடைத்த அந்தப் பானங்கள் நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் வந்துவிட்டன. நூலை நம்பி வாழும் ஒரு வட்டாரத்துக்கு இவற்றையெல்லாம் விட நெருங்கிய உறவுள்ள தாவரப் பால் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. மதுரையிலும் தென் மாவட்டங்களிலும் தள்ளுவண்டிகளில் சுடச்சுட விற்கும் பருத்திப்பால்தான் அது.

ஒரு லிட்டருக்கு என்ன செலவு?

தாவரப் பால்களுக்கு இவ்வளவு கவனம் கிடைத்ததற்கு முக்கியக் காரணம் ஓர் ஆய்வு. ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் ஆகிய இருவர் 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்து 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். உலகச் சராசரியாக ஒரு லிட்டர் மாட்டுப் பாலுக்குப் பின்னால் சுமார் 3.2 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான வெளியேற்றம் இருக்கிறது. ஓட்ஸ் பாலுக்கு 0.9 கிலோ, சோயா பாலுக்கு 1 கிலோ, பாதாம் பாலுக்கு 0.7 கிலோ, அரிசிப் பாலுக்கு 1.2 கிலோ. நிலத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. மாட்டுப் பால் லிட்டருக்கு ஏறக்குறைய 9 சதுர மீட்டர் கேட்கிறது. இந்தத் தாவரப் பால்கள் எதற்கும் ஒரு சதுர மீட்டர்கூடத் தேவையில்லை.

தண்ணீரில் மட்டும் வரிசை மாறுகிறது. மாட்டுப் பாலுக்கு 628 லிட்டர், பாதாமுக்கு 371, அரிசிக்கு 270, ஓட்ஸுக்கு 48, சோயாவுக்கு 28. கரியமிலக் கணக்கில் முதலிடம் பெற்ற பாதாம், தண்ணீர்க் கணக்கில் தாவரப் பால்களிலேயே கடைசிக்குப் போய்விடுகிறது. உலகின் பாதாமில் பெரும்பங்கு, அடிக்கடி வறட்சி தாக்கும் கலிஃபோர்னியாவில் விளைகிறது. சாயக் கழிவால் நொய்யல் ஆறும் கிணறுகளும் கெட்டுப்போய்த் தண்ணீருக்கு விலை கொடுத்த வட்டாரம் நம்முடையது. இங்கே கரியமிலத்தை மட்டும் பார்த்து ஒரு பாலை நல்லதென்று சொல்லிவிட முடியாது.

இந்த எண்கள் உலகச் சராசரிகள் என்பதையும் மறக்கக் கூடாது. எந்தப் பண்ணை, எந்தத் தீவனம், எந்த நிலம் என்பதைப் பொறுத்து ஒரே பாலின் சுமை பல மடங்கு மாறுகிறது. அதற்கு நல்ல சாட்சி திருப்பூர் மாவட்டத்திலேயே இருக்கிறது.

மாடு செய்யும் வேலை

காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில் சுற்றுவட்டாரத்தில் ‘கொறங்காடு’ என்னும் மேய்ச்சல் நிலங்கள் இருக்கின்றன. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள். மழை குறைவு, மண் ஆழமில்லை. உழுது பயிர் செய்தால் பல ஆண்டுகள் போட்ட முதல்கூடக் கைக்கு வராத நிலம் அது. அந்தப் புல்லைத் தின்று வளர்வதுதான் காங்கயம் மாடு. உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனம். பால் கொஞ்சம்தான் தரும். கொறங்காட்டில் கறந்த அந்தப் பாலுக்கு நில அளவை மட்டும் கணக்குப் போட்டால் மிக மோசமான எண் வரும். மனிதன் உண்ணும் எந்தப் பயிரிடமிருந்தும் அந்த நிலம் பறிக்கப்படவில்லை என்பதை அந்த எண் காட்டாது.

மாட்டின் திறமை அதன் முதல் இரைப்பையில் இருக்கிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் புல்லிலும் தட்டையிலும் உள்ள செல்லுலோசை உடைக்கின்றன. நம் வயிற்றால் அது முடியாது. அந்த வேலையின் விளைபொருளாக மீத்தேன் உண்டாகி, ஏப்பமாக வெளியேறுகிறது. மீத்தேன் காற்றில் தங்குவது ஏறக்குறைய 12 ஆண்டுகள்தான். ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. மாட்டுப் பாலின் கரியமிலச் சுமையில் பெரும்பகுதி இந்த ஏப்பத்திலிருந்து வருகிறது.

இன்று நம் வீடுகளுக்கு வரும் பால் பெரும்பாலும் கொறங்காட்டுப் பால் அல்ல. கலப்பின மாடுகள் பாசனத்தில் வளர்த்த தீவனப் புல்லையும் தானியத்தையும் பிண்ணாக்கையும் தின்று தரும் பால் அது. அந்தத் தீவனத் தொட்டியில்தான் பருத்தி விதை மறுபடியும் நம்மைச் சந்திக்கிறது. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டி மாட்டுக்கு வைப்பது கொங்கு நாட்டின் பழைய பழக்கம். இன்று விதையிலிருந்து முதலில் எண்ணெய் எடுத்துவிட்டு, மிஞ்சும் பருத்திப் பிண்ணாக்கைக் கறவை மாடுகளுக்குப் போடுகிறார்கள்.

ஆகவே பருத்தி விதை வீணாகிறது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது போகும் வழி நீளமானது. கறவை மாடு தின்னும் புரதத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் பாலில் வந்து சேர்கிறது. மீதி சாணத்திலும் மூத்திரத்திலும் போகிறது. ஒரு பனியனின் விதையில் இருந்த 80 கிராம் புரதம் மாட்டின் வழியாக வரும்போது 20 கிராம் ஆகிறது. இரண்டரை லிட்டர் பால் முக்கால் லிட்டருக்கும் கீழே குறைந்துவிடுகிறது. புல்லைப் பாலாக்க மாட்டை விட்டால் வேறு வழியில்லை. மனிதன் நேரே உண்ணக்கூடிய விதையை மாட்டுக்குக் கொடுத்துப் பாலாக்கும்போது முக்கால் பங்கை இழக்கிறோம். இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் பால் பற்றிய விவாதங்கள் தடம் புரள்கின்றன.

விதை எப்படிப் பாலாகிறது

பருத்திப்பால் செய்முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். பருத்தி விதையை இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். மறுநாள் நன்றாகக் கழுவி, தண்ணீர் விட்டு ஆட்டி, துணியில் பிழிந்து பால் எடுக்க வேண்டும். சக்கையை மறுபடி ஆட்டி இரண்டாம் பால், மூன்றாம் பால் எடுப்பார்கள். விதையின் கடினமான கறுத்த தோலும், அதில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சும் துணியிலேயே தங்கிவிடும். வடித்த பாலைக் கொதிக்கவிட்டு, பச்சரிசி மாவைக் கரைத்து ஊற்றி, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டு, கடைசியில் தேங்காய்த் துருவல் தூவி இறக்குவார்கள்.

ஒவ்வொரு படியிலும் ஓர் அறிவியல் இருக்கிறது. விதைக்குள் எண்ணெய், நுண்ணிய துளிகளாகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு துளியையும் ஒலியோசின் என்னும் புரதம் சுற்றிப் போர்த்தியிருக்கிறது. ஊறிய விதையை ஆட்டும்போது செல்கள் உடைந்து இந்தத் துளிகள் தண்ணீரில் பரவுகின்றன. அந்தப் புரத உறையால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து எண்ணெயாகப் பிரிவதில்லை. துளிகள் ஒளியை நாலா பக்கமும் சிதறடிப்பதால் நீர் வெளுத்துத் தெரிகிறது. பசும்பாலிலும் கொழுப்பு இதே போல உறை போர்த்திய துளிகளாகத்தான் இருக்கிறது.

அரிசி மாவு சேர்ப்பது கெட்டிப்படுத்த மட்டுமல்ல. அரிசியின் மாவுச்சத்து சுமார் 70 டிகிரி செல்சியஸில் நீரை உறிஞ்சி வீங்கிக் குழைகிறது. அந்தக் குழைவில் எண்ணெய்த் துளிகள் மேலே ஏறி ஏடு கட்ட முடியாமல் நின்றுவிடுகின்றன. பெட்டியில் வரும் தாவரப் பால்களில் இதே வேலைக்குத்தான் ஜெல்லன் போன்ற பசைப் பொருள்களைச் சேர்க்கிறார்கள்.

சுவை எங்கே இருக்கிறது

தாவரப் பால்களைப் பற்றி மக்கள் சொல்லும் முதல் குறை அந்தப் பச்சை வாடை. சோயாவில் இதற்கு ஒரு நொதி காரணம். லிபாக்சிஜனேஸ் என்னும் அந்த நொதி, விதை உடைந்து தண்ணீரும் காற்றும் பட்டவுடன் லினோலியிக் அமிலத்தைத் தாக்கி ஹெக்ஸனால் போன்ற மணப்பொருள்களை உண்டாக்குகிறது. வெட்டிய புல்லின் வாடையும் இந்த வகைப் பொருள்களால் வருவதே. 1960களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கொதிநிலையை ஒட்டிய நீரில் சோயாவை அரைத்தால் நொதி செயலிழந்து வாடை பெரிதும் குறையும் என்று காட்டினார்கள். பருத்தி விதை எண்ணெயிலும் ஏறக்குறைய பாதி லினோலியிக் அமிலம்தான். ஆட்டிய பாலை வைத்திருக்காமல் உடனே காய்ச்சி, அன்றன்றைக்கே விற்றுத் தீர்க்கும் பழக்கத்துக்கு இதில் நல்ல நியாயம் இருக்கிறது.

சுக்கும் ஏலக்காயும் வாடையை மறைக்க மட்டும் வந்தவை அல்ல. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதன் ஜிஞ்சரால், ஷோகாலாக மாறிக் காரம் கூடுகிறது. ஷோகாலும் ஏலக்காயின் மணப்பொருள்களும் நீரை விட எண்ணெயில் நன்றாகக் கரைபவை. பருத்திப்பாலின் எண்ணெய்த் துளிகள் அவற்றைத் தாங்கி நாக்கின் மேல் மெதுவாக விடுகின்றன. காரம் ஒரேயடியாக ஏறாமல் தொண்டை வரை நீள்வது அதனால்தான்.

இந்தப் பாலை டீயில் ஊற்றினால் என்ன ஆகும்? பனியன் கம்பெனிகளில் காலையும் மாலையும் வேலைக்கு நடுவில் குடிக்கும் கெட்டி டீயை எடுத்துக்கொள்வோம். தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான பாலிபீனால்கள், பசும்பாலின் கேசீன் புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. கேசீனில் புரோலின் என்னும் அமினோ அமிலம் நிறைய உண்டு. அதுதான் அந்தப் பிடிப்பைத் தருகிறது. துவர்ப்பு அடங்கி டீ வழவழப்பாகிறது. தாவரப் பாலில் கேசீன் கிடையாது. துவர்ப்பு அடங்காமல் நின்றுவிடுகிறது. காபியில் வேறொரு சிக்கல். சூடும் புளிப்பும் சேரும்போது சோயா போன்ற விதைகளின் புரதம் தன் மின்னூட்டத்தை இழந்து திரிந்துபோகிறது. பெட்டியில் வரும் சில தாவரப் பால்களில் இதைத் தடுக்கப் பாஸ்பேட் உப்புகள் சேர்க்கிறார்கள்.

பருத்திப்பால் இந்தப் போட்டிக்கே போகவில்லை. டீயாகவோ காபியாகவோ நடிக்காமல் தன் கெட்டியிலும் தன் மணத்திலும் நிற்கிறது. உலகெங்கும் தாவரப் பால் நிறுவனங்கள் பசும்பாலைப் போலவே நுரைக்கவும் வெளுக்கவும் பெரும் உழைப்பைச் செலவிடுகின்றன. நாக்கு அதைப் பசும்பாலோடு ஒப்பிட்டு, குறையைத்தான் கண்டுபிடிக்கிறது. வேறொன்றுக்கு மாற்றாக வராத பானத்தை அப்படி ஒப்பிட ஒன்றுமில்லை. நம் சமையல் மரபு இதைத் தெரிந்து வைத்திருக்கிறது. ஆப்பத்துக்கு ஊற்றும் தேங்காய்ப்பாலைப் பசும்பாலுக்கு மாற்று என்று யாரும் நினைப்பதில்லை.

மஞ்சள் நிற எச்சரிக்கை

பருத்தி விதையைக் குறுக்கே வெட்டினால் உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை காசிப்பால் என்னும் மஞ்சள் நிறமியைச் சேர்த்து வைத்திருக்கும் சுரப்பிகள். பூச்சிகளிடமிருந்து செடியைக் காப்பது அந்த நிறமியின் வேலை. கோழி, பன்றி, மனிதன் போன்ற ஒற்றை இரைப்பை உயிர்களுக்கு அது நஞ்சு. வளர்ந்த மாட்டின் முதல் இரைப்பை அதைப் புரதத்தோடு பிணைத்துப் பெருமளவு அடக்கிவிடும். 1970களில் சீனாவில் இதை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக 8,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் குறைவதும், சிலருக்கு மலட்டுத்தன்மை நிரந்தரமாவதும் தெரிந்ததால் அது கைவிடப்பட்டது.

பருத்திப்பாலை நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும் என்பதற்கு முதல் காரணம் இதுதான். சூட்டில் காசிப்பால் புரதத்தின் லைசின் என்னும் அமினோ அமிலத்தோடு பிணைந்து வீரியம் இழக்கிறது. அதற்கு விலையாக அந்த லைசினும் உடலுக்குக் கிடைக்காமல் போகிறது. எப்போதாவது ஒரு குவளை குடிப்பதும், தினமும் லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஒன்றல்ல. குழந்தைகளுக்குப் பாலுக்குப் பதிலாக இதைக் கொடுக்கக் கூடாது. இதில் பசும்பாலின் அளவு கால்சியமும் இல்லை, பி12 வைட்டமினும் இல்லை. விதைப்புக்கென்று பொட்டலத்தில் விற்கும் விதையில் பூச்சிக்கொல்லி பூசியிருப்பார்கள். அதை ஒருபோதும் உணவுக்குத் தொடக் கூடாது.

இந்தத் தடையைத் தாண்ட உலகம் ஏற்கெனவே முயன்றிருக்கிறது. மத்திய அமெரிக்காவில் நெவின் ஸ்க்ரிம்ஷா, ரிக்கார்டோ பிரெசானி ஆகியோரின் குழு, 1950களில் குழந்தைகளின் புரதக் குறையைப் போக்க ‘இன்காப்பரினா’ என்னும் கஞ்சி மாவை உருவாக்கியது. அதில் 38 விழுக்காடு, காசிப்பால் அளவைக் கட்டுப்படுத்திய பருத்தி விதை மாவு. குவாதமாலாவில் அது பல ஆண்டுகள் ஏழைகளின் பானமாக இருந்தது. அமெரிக்காவில் அதே காலத்தில் சுரப்பிகளே இல்லாத பருத்தியையும் உருவாக்கினார்கள். செடி தன் காவலை இழந்ததால் பூச்சிகள் அதை மேய்ந்துவிட்டன. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கீர்த்தி ராத்தோர் குழு 2006-இல் வேறு வழி கண்டது. இலையிலும் தண்டிலும் காசிப்பால் அப்படியே இருக்க, விதையில் மட்டும் அதை உண்டாக்கும் மரபணுவை அடக்கினார்கள். 2018-இல் அந்தப் பருத்தியைப் பயிரிடவும், 2019-இல் அதன் விதையை மனித உணவாகப் பயன்படுத்தவும் அமெரிக்கா அனுமதித்தது. உலகில் ஆண்டுதோறும் விளையும் சுமார் 440 லட்சம் டன் பருத்தி விதையின் புரதம், ஐம்பது கோடி மக்களின் ஓராண்டுத் தேவைக்கு ஈடு என்று அந்தக் குழு தன் 2006 ஆய்வுக் கட்டுரையில் கணக்கிட்டது.

தண்ணீர்க் கணக்கில் விதையின் பங்கு

பருத்தித் துணி ஒரு கிலோவுக்கு உலகச் சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் நீர் தேவை என்று நீர்த்தட ஆய்வுகள் சொல்கின்றன. மழைநீர், பாசன நீர், மாசைக் கரைக்க வேண்டிய நீர் மூன்றும் இதில் அடக்கம். நம் 150 கிராம் பனியனுக்கு அது 1,500 லிட்டர். இந்த நீரில் எவ்வளவு பஞ்சுக்கு, எவ்வளவு விதைக்கு? எடையால் பிரித்தால் மூன்றில் இரண்டு பங்கு விதையின் தலையில் விழும். சந்தை விலையால் பிரித்தால் பஞ்சின் பங்கு கூடி, விதையின் சுமை ஆறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். ஒரே செடி, ஒரே தண்ணீர். பிரிக்கும் முறையால் பருத்திப்பால் மிக நல்லதாகவும் மிக மோசமானதாகவும் தோன்றலாம்.

இந்தக் குழப்பத்திலிருந்து வெளியேற நேரான கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பாலுக்காகக் கூடுதலாக என்ன விளைவிக்க வேண்டும்? பாதாம் பாலுக்குக் கூடுதல் பாதாம் மரம் வேண்டும். பருத்திப்பாலுக்குக் கூடுதலாக ஒரு செடிகூட நட வேண்டாம். துணி இருக்கும்வரை விதை வந்துகொண்டே இருக்கும். மாட்டுக்குப் போன விதையை மனிதன் எடுத்துக்கொண்டால் மாட்டுக்கு வேறு தீவனம் தேட வேண்டுமே என்று கேட்கலாம். அது சரியான கேள்வி. ஆனால் பிழிந்த பின் மிஞ்சும் சக்கையும் தோலும் மாட்டுக்கே போகலாம். மனிதனால் உண்ண முடிந்ததை மனிதன் எடுத்துக்கொண்டு, முடியாததை மாட்டுக்கு விடும் ஏற்பாடு இது.

விதையைப் பார்க்காத ஊர்

பனியன் நகரமாவதற்கு முன் திருப்பூர் பஞ்சுச் சந்தையாகவும் ஜின்னிங் ஆலைகளின் ஊராகவும் இருந்தது. அப்போது விதை இந்த ஊரின் கண்ணெதிரே குவிந்தது. இன்று தமிழ்நாட்டு நூற்பாலைகளுக்கான பஞ்சில் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா போன்ற மாநிலங்களிலிருந்து பேலாக வருகிறது. விதை அங்கேயே உதிர்ந்துவிடுகிறது. கட்டிங் துண்டைக்கூட எடை போட்டு விற்று, அதிலிருந்து மறுபடி நூல் எடுக்கத் தெரிந்த ஊர் திருப்பூர். விதை கண்ணில் படாததால்தான் அதன் கணக்கிலிருந்து விழுந்துவிட்டது.

இந்த ஊர் கணக்கைத் திருத்தத் தெரிந்த ஊரும்கூட. சாயக் கழிவு நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்தபோது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறை இங்கே கட்டாயமாக வேரூன்றியது. உப்பையும் நீரையும் மீட்பது செலவு என்று பார்த்த இடத்தில், அது தொழிலின் பகுதி ஆனது.

விதைக்கும் ஒரு தொடக்கம் கையிலேயே இருக்கிறது. இயற்கை வேளாண் பருத்தியில் பனியன் தைத்து ஏற்றுமதி செய்யும் நிறுவனங்கள், அந்தப் பஞ்சு எங்கே விளைந்தது, எந்த ஜின்னிங் ஆலையில் பிரிந்தது என்பதைச் சான்றிதழ்களால் தொடர்ந்து காட்டியாக வேண்டும். இரசாயனப் பூச்சிக்கொல்லி தெளிக்காத அதே காட்டின் விதையும் அதே ஆலையில்தான் உதிர்கிறது. பஞ்சின் தடத்தைப் பிடித்துப் போனால் உணவுக்கு ஏற்ற விதை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அங்கே காசிப்பால் அளவைச் சோதித்து, முறையாகக் காய்ச்சி, சுக்கும் கருப்பட்டியும் சேர்த்துப் பருத்திப்பாலாக்குவதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. சோதனைக் கூடமும் செய்முறையும் தடம் காட்டும் தாளும் தனித்தனியே ஏற்கெனவே உள்ளன. இவற்றை ஓரிடத்தில் சேர்ப்பதுதான் பாக்கி.

எந்தப் பால் நல்லது என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. கொறங்காட்டுப் புல்லுக்கு மாடுதான் விடை. கடல் தாண்டி வரும் பாதாமுக்கு நம் ஊரில் இடம் குறைவு. ஆடைக்காக விளைந்த பருத்திக்கு, விதையையும் சேர்த்துப் பயன்படுத்துவதே விடை. ஒரு கிலோ பஞ்சு வாங்கும்போது இரண்டு கிலோ விதைக்கும் நாம் பொறுப்பேற்கிறோம். பனியனின் தண்ணீர்ச் செலவைப் பற்றிப் பேசும் ஒவ்வொருவரும் அந்த விதையின் புரதத்தையும் வரவில் எழுத வேண்டும். அப்படி எழுதத் தொடங்கும் நாளில் பருத்தி துணிப் பயிராக மட்டும் இருக்காது. உணவுப் பயிராகவும் ஆகும்.